கொட்டகையில் கிடந்த வெள்ளைப் பவுடர்: புதைத்துவிடலாமா?

வாசகர் கேள்வி, 2023 அக்டோபர் 7

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் 3 ஏக்கர் பழைய காபித் தோட்டம் வாங்கியிருக்கிறேன். கொட்டகையைக் காலி செய்தபோது மூலையில் கோணிக்குள் காகிதப் பைகள் கிடந்தன. உள்ளே அழுக்கு வெள்ளையில் பவுடர், 40 கிலோவாவது இருக்கும். கூடவே துருப்பிடித்த தகர டின் ஒன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "டி.டி.டி.யா இருக்கும், 25 வருஷம் ஆச்சு, வீரியமெல்லாம் போயிருக்கும். எறும்புக்குத் தூவு, மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைச்சிடு" என்கிறார். செய்யலாமா?

அக்டோபர் 7, இரவு 9 மணி

புதைக்காதீர்கள். எறும்புக்கும் தூவாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

வீரியம் போயிருக்கும் என்பது தயிருக்கும் மாவுக்கும் சரி. இந்த வகை மருந்துகள் பெயர் வாங்கியதே நெடுநாள் நிற்பதற்காகத்தான். 1939இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் டி.டி.டி. பூச்சியைக் கொல்வதைக் கண்டபோது, அவர் தேடிக்கொண்டிருந்தது ஒருமுறை அடித்தால் பல நாள் வேலை செய்கிற ஒன்றை. கிடைத்தது. 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. பல நாள் என்பது பல வருடம் என்று உலகம் புரிந்துகொள்ளத்தான் நாளாயிற்று.

நாகலூர்ச் சரிவில் எங்கே குழி வெட்டினாலும் அதற்குக் கீழே யாராவது ஒருவருடைய ஊற்று இருக்கும். கொட்டகையில் கிடக்கிறவரை அந்த 40 கிலோ எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். புதைத்தால் அதுவும் தெரியாது.

அக்டோபர் 7, இரவு 11 மணி

படுத்த பிறகு நினைவு வந்தது, எழுந்து எழுதுகிறேன். எரிக்கவும் வேண்டாம். குளோரின் உள்ள மருந்து, குப்பை எரிக்கிற சூட்டில் டயாக்சின் மாதிரி இன்னும் மோசமான நஞ்சுகள் உண்டாகும்.

விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ரப்பர் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. கோணியோடு அப்படியே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் இன்னொரு பை. வெளியே பெரிய எழுத்தில் ‘விஷம்’. பூட்டு. அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பையில் அச்சு ஏதாவது தெரிந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

அக்டோபர் 9

போட்டோ பார்த்தேன். இது டி.டி.டி. இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதை நானும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு முல்லர் கதை சொல்லிவிட்டேன். பாதி அழிந்திருந்தாலும் ‘பி.எச்.சி. 10’ என்பது தெளிவாகத் தெரிகிறது. பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற பூச்சி மருந்து, பெரியவர்கள் காமாக்சின் பவுடர் என்பார்கள். மக்கிய வாடை வருகிறதா என்று பாருங்கள் என எழுதப்போனேன். வேண்டாம், முகராதீர்கள்.

பி.எச்.சி.யை முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே, 1825இல். மின்சாரப் பாடத்தில் வருகிற அதே ஃபாரடே. பூச்சியைக் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1912இல் வான் டெர் லிண்டன் என்ற டச்சுக்காரர் அதற்குள் ஒரே சேர்மானத்தில் வெவ்வேறு அமைப்புகள் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்த்தார். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. பூச்சியைக் கொல்வது முக்கியமாகக் காமா. அதைத் தனியாகப் பிரித்தால் அதுதான் லிண்டேன், பெயர் அவருடையது.

உங்கள் பையில் உள்ளது பிரிக்காத கலவை. அதில் காமா 10 முதல் 15 சதவீதம்தான், பாதிக்கு மேல் ஆல்ஃபா. அதாவது நம் ஊரில் வருடக்கணக்கில் தூவிய பவுடரின் மருந்துப் பகுதியில் பெரும்பங்கு பூச்சிக்கே வேலை செய்யாதது. மண்ணுக்கும் மனிதனுக்கும் மட்டும் போய்ச் சேர்ந்தது. அளவில் கொஞ்சமாக இருக்கும் பீட்டாதான் உடம்புக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாதது.

அக்டோபர் 12

எங்கள் தோட்டமும் ஏற்காட்டில்தான், மஞ்சக்குட்டைப் பக்கம், 6 ஏக்கர் அராபிகா காபி. லிண்டேன் பெயரை எழுதியதிலிருந்து மூன்று நாளாக ஒரே நினைப்பு.

அராபிகா வைத்திருப்பவர்களுக்குப் போரர் என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் இறங்கி மாதக்கணக்கில் உள்ளேயே தின்னும். வெளியே தெரிவது தண்டைச் சுற்றி மேடாக ஓடும் தழும்பும், மஞ்சளாகிற இலையும். நம் கண்ணுக்குத் தெரியும்போது செடி பிழைக்காது. ஐந்து வருடம் வளர்த்த செடியை வேரோடு பிடுங்குவது எப்படி இருக்கும் என்று பிடுங்கியவர்களுக்குத் தெரியும்.

வண்டு பறக்கிற பருவம் இரண்டு. ஏப்ரல், மே ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று. அந்தச் சமயத்தில் லிண்டேனைத் தண்ணீரில் கலந்து தண்டிலும் தடித்த கிளைகளிலும் தடவ வேண்டும். எட்டாவது படிக்கும்போது தீபாவளி லீவில் நானும் தடவியிருக்கிறேன். வாளியில் பால் போல வெள்ளையாக இருக்கும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி, வெறும் கை. மத்தியானம் ஓடையில் கையை அலசிவிட்டு அங்கேயே கட்டுச்சோறு. கூட வேலை செய்த அக்காக்கள் நான்கு பேர். சாயந்திரமானால் தலை சுற்றுகிறது என்பார்கள். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்வார், அம்மா மோர் கொடுப்பார். எங்களுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அதில் ஓர் அக்கா இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறார். போன மாதம் பார்த்தபோது அந்த நாளைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

அப்போது தெரியாமல் இப்போது உறுத்துவது ஒன்று உண்டு. கர்நாடகத்துக் காபி மலைகளில் அக்டோபர் தாண்டினால் பெரும்பாலும் மழை ஓய்ந்திருக்கும். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. காலையில் தடவியதில் கொஞ்சம் சாயந்திர மழையில் தண்டு வழியாக இறங்கியிருக்கும். நாங்கள் கை அலசிய ஓடைக்கே போயிருக்கும். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்துதான் சேலம் டவுனுக்குள் போகிறது.

நல்லவேளை, 1997இல் தடை வந்ததும் எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்.

அக்டோபர் 13

மேலே கடைசி வரி தப்பு. அதை அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் இத்தனை வருடமாக அதை உண்மை என்று நம்பியிருந்தேன்.

காலையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பவுடரத்தான்டா அந்த வருஷம் நிறுத்துனோம். டின்னு மருந்து நீ வேலைக்குப் போனப்புறமும் ஓடுச்சு" என்றார். அவர் சொல்வதுதான் சரி. 1997 ஏப்ரலில் நின்றது பி.எச்.சி. கலவை. அதிலிருந்து பிரித்த லிண்டேன் தொடர்ந்தது. 2009இல், நெடுநாள் நிற்கும் நஞ்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். இந்தியாவில் தயாரிப்பும் இறக்குமதியும் 2011 மார்ச்சில் நின்றன, பயன்படுத்துவதற்கான தடை 2013 மார்ச்சில். கடைசி வருடங்களில் சேலத்தில் ஒரு கடையில் இருந்த டின்களை விலை குறைத்துக் கொடுத்தார்களாம், அப்பா மூன்று வாங்கியிருக்கிறார். தடை வருகிறது என்றால் சரக்கு மலிவாகும், மலிவானால் நாம் அதிகமாக வாங்குவோம். உங்கள் கொட்டகை மூட்டையும் 1997 வாக்கில் அப்படி வந்ததாக இருக்கலாம்.

அப்பா கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அன்னிக்கு அந்த மருந்து இல்லேன்னா நீ படிச்சிருப்பியா?"

அக்டோபர் 20

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: டி.டி.டி. இல்லையென்றால் இந்த மலையில் பாதிப்பேர் மலேரியாவில் போயிருப்பார்கள், உட்கார்ந்த இடத்தில் திட்டுவது சுலபம் என்று. கோபத்தில் நியாயம் இருக்கிறது.

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் வருடத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953இல் தேசிய மலேரியாத் திட்டம் ஆரம்பித்து வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். 1960களின் நடுவில் எண்ணிக்கை 1 லட்சத்துக்கு இறங்கியது. என் தாத்தா குப்பனூர் அடிவாரத்தில் வளர்ந்தவர். கூடப் பிறந்த இரண்டு பேரை மலைக்காய்ச்சலில் பறிகொடுத்தவர். மருந்து அடிக்கிறவர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், சாமி ஊர்வலத்துக்கு வழி விடுவது போல ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்களாம். அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். பாட்டி மட்டும் அவர்கள் தெருமுனை தாண்டியதும் சாணியும் செம்மண்ணும் கரைத்துச் சுவரை மெழுகிவிடுவாராம், வெள்ளைத் திட்டு அசிங்கமாக இருக்கிறது என்று. தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மருந்து மெழுக்குக்குள் போய்விட்டால் கொசு எப்படிச் சாகும்!

ஆனால் கதை 1 லட்சத்தோடு முடியவில்லை. 1976இல் 64 லட்சம் பேருக்கு மலேரியா. கொசு டி.டி.டி.க்குப் பழகிவிட்டது அதற்கு ஒரு காரணம். அதே மருந்தை வயல்களிலும் கொட்டியதால் இன்னும் வேகமாகப் பழகியது. வீட்டுச் சுவரில் மனித உயிருக்காக அடித்தது ஒன்று, பயிருக்கு வாரி இறைத்தது இன்னொன்று. 1989இல் விவசாயத்துக்கு டி.டி.டி. நின்றது, கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடாதீர்கள் என்பதுதான் என் பதில். தாத்தா வழிவிட்டு நின்றதை நான் மதிக்கிறேன்.

அக்டோபர் 22

சேலத்தில் கழுகே இல்லாமல் போனதும் டி.டி.டி.யால்தானே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பிணந்தின்னிக் கழுகைச் சொல்கிறீர்கள் என்றால், இல்லை. அவற்றை அழித்தது டைக்ளோஃபினாக், மாட்டுக்குப் போடுகிற வலி ஊசி. அந்த ஊசி போட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள்.

டி.டி.டி. பறவைகளுக்குச் செய்தது வேறு. அது உடம்பில் டி.டி.இ. என்ற பொருளாக மாறி முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை உடைந்தது. 1967இல் இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து, ஓட்டின் எடையைப் புது முட்டைகளோடு ஒப்பிட்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே ஓடு மெலிந்துவருவதைக் காட்டினார். அதிகம் அடிபட்டவை வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைகள். பூச்சியில் துளி, பூச்சியைத் தின்ற குருவியில் கொஞ்சம், அந்த மாதிரிக் குருவிகளைப் பிடித்துத் தின்ற வல்லூறில் மொத்தமும்.

அக்டோபர் 23

கொட்டகையைச் சுற்றிக் கோழி மேய்கிறது, முட்டை சாப்பிடலாமா என்று பவுடரைப் பற்றிக் கேட்ட நாகலூர் நண்பர் கேட்கிறார். வேண்டாம். கோழி மண்ணைக் கிளறித் தின்கிற பிராணி. இந்த மருந்துகள் கொழுப்பில் சேர்பவை, மஞ்சள்கரு கொழுப்பு. கோழியை வேறு பக்கம் அடையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் இப்போது எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்டோபர் 29

"சுண்ணாம்பு போட்டுப் புதைத்தால் முறிந்துவிடும்" என்று வேதியியல் படித்த ஒருவர் சொல்கிறார். பாதி உண்மை. காரம் பட்டால் காமா உடையும், ஆல்ஃபாவும் உடையும். பீட்டா அசையாது. இருப்பதிலேயே பிடிவாதமானதை மட்டும் மண்ணுக்கடியில் விட்டுவைப்பதாக முடியும்.

புதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஓர் ஊரே சாட்சி. சபிஞானிகோ, மலையடிவார ஊர். 1970களின் நடுவிலிருந்து அங்கே ஒரு தொழிற்சாலையில் லிண்டேன் செய்தார்கள். ஒரு டன் லிண்டேனைப் பிரித்தால் 6 முதல் 10 டன் வரை உதவாத மிச்சம் விழும். அதையெல்லாம் பக்கத்துக் குப்பைமேடுகளில் கொட்டி மூடினார்கள். ஆலை 1980களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் 2014இல் கீழே ஓடும் கயேகோ ஆற்றில் லிண்டேன் ஏறி, ஆற்றங்கரை ஊர்களுக்குக் குடிநீர்ப் பிரச்சினை வந்தது. கால் நூற்றாண்டு கழித்து. அவர்களுடையது ஆயிரக்கணக்கான டன், உங்களுடையது 40 கிலோ. ஆனால் உங்களுக்குக் கீழே இருப்பது ஆறும் இல்லை, ஓர் ஊற்று.

இன்னொன்று: இந்த மருந்து போட்ட இடத்திலேயே நிற்பதும் இல்லை. வெயிலில் ஆவியாகும், காற்றோடு போகும், குளிர்ந்த இடத்தில் இறங்கும். ஒருமுறைகூட பி.எச்.சி. தூவாத ஆர்க்டிக் கடலில் ஆல்ஃபா பி.எச்.சி. இருக்கிறது. மற்ற நாடுகளில் தூவியதில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த இடம் அது.

நவம்பர் 12

அப்படியானால் போரருக்கு நீ என்ன செய்கிறாய் என்ற கேள்வி பத்துத் தடவையாவது வந்துவிட்டது. நேர்மையாகச் சொல்கிறேன்.

லிண்டேனுக்குப் பிறகு குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சி மருந்தைத் தடவச் சொன்னார்கள், மூன்று வருடம் தடவினேன். அது மண்ணில் அவ்வளவு காலம் நிற்காது. ஆனால் தடவுகிறவருடைய நரம்பை அன்றைக்கே தாக்கக்கூடிய வகை. பாலிடாலுக்குத் தூரத்துச் சொந்தம். நீண்ட நாள் நிற்கும் நஞ்சை விட்டுவிட்டு உடனே கடிக்கும் நஞ்சை அந்த அக்காக்களின் கையில் கொடுத்தேன். கையுறை வாங்கித் தந்தேன், வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்கள். நான்காவது வருடம் நிறுத்தினேன்.

எங்கள் தோட்டத்தில் போரர் பெருகியதற்கு மருந்துக் குறைவு காரணமில்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. பழைய பலாவையும் அத்தியையும் வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் வைத்தோம், மரம் விலை போகும் என்று. நிழல் குறைந்து வெயில் இறங்கியது. இந்த வண்டு தேடுவது வெயில் படும் செடியைத்தான். நாங்களே கதவைத் திறந்து வைத்துவிட்டு வருடாவருடம் விஷம் தடவினோம்.

இப்போது கல்யாண முருங்கையும் அத்தியும் திரும்ப வைத்திருக்கிறேன். வண்டு பறப்பதற்கு முன் தேங்காய் மட்டையால் தண்டைத் தேய்த்துப் பட்டைச் சிம்பை எடுக்கிறோம். வெடிப்பு இல்லாவிட்டால் முட்டை வைக்க இடமில்லை. பிறகு சுண்ணாம்புக் கரைசல். தழும்பு தெரிந்த செடியை உடனே பிடுங்கி அன்றைக்கே எரிக்கிறோம். பிடுங்கி வரப்பில் போட்டுவைத்தால் அதிலிருந்தே வண்டு வரும். போன வருடம் 70க்கு மேல் செடி போனது. லிண்டேன் காலத்தில் அவ்வளவு போனதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. கூலியும் கூடுதல். அப்பா 70 செடிக் கணக்கைத் தினமும் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் தேங்காய் மட்டையைக் கையில் எடுத்து முதலில் இறங்குபவரும் அவர்தான்.

டிசம்பர் 3

நாகலூர் நண்பர் தோட்டத்துக்கு நேற்றுப் போயிருந்தேன். கோணியில் எலி ஓட்டை போட்டிருந்தது, நல்லவேளை பவுடர் அதிகம் சிந்தவில்லை. இரண்டு பையில் கட்டி, மூடி இறுக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துத் தராசில் போட்டோம். 43 கிலோ. ஓர் அலுவலகத்தில் "இங்கே கொண்டுவந்து வைங்க" என்கிறார்கள், இன்னொன்றில் "இங்கே கொண்டுவராதீங்க" என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆபத்தான கழிவுகளுக்கென்று கும்மிடிப்பூண்டியில் மையம் இருக்கிறது. அங்கே சேர்க்க வழி கேட்டு வேளாண்மைத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்திருக்கிறார். பதில் வந்தால் இங்கே போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கொட்டகையிலும் இருந்தால் நீங்களும் மனு கொடுங்கள். 43 கிலோவுக்கு ஒரு வண்டி வருமோ வராதோ, ஊர்ஊராகச் சேர்ந்தால் வரும்.

டிசம்பர் 3, இரவு

இதைக் காலையில் எழுத முடியவில்லை.

கொட்டகையில் இருந்தது ஒரே டின், அதன் அடியில் லிண்டேன் பெயர் அரைகுறையாகத் தெரிந்தது. திரும்பும்போது தண்ணீர் கேட்டு, கீழே இருக்கும் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். பழைய முதலாளி காலத்தில் அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி. திண்ணை ஓரத்தில் அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு டின், மேல்பக்கம் வெட்டித் திறந்து பலகை மூடி. உள்ளே கேழ்வரகு விதை. முதலாளி கொடுத்தது என்றார். மற்ற பானையெல்லாம் ஆறு மாதத்தில் வண்டு விழுந்துவிடுமாம். "இதுல போட்டா மட்டும் வண்டே வராது தம்பி. இருபது வருசமா ஒண்ணுகூட வந்ததில்ல."

விதைக்கு மட்டும்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆடி மாதம் கையில் இல்லாதபோது அதிலிருந்துதான் களி கிண்டுவதாகவும் சொன்னார்.

உட்கார்ந்து சொன்னோம். அவர் காபிச் செடிக்குத் தடவிய மருந்து இதில்தான் இருந்தது, வண்டு வராதது அதனால் இருக்கலாம் என்றோம். கேட்டுக்கொண்டார். டின்னை எடுத்துப்போக மட்டும் விடவில்லை, விதை எங்கே வைப்பது என்றார். நியாயம்தான். இன்று சேலம் லீ பஜாரில் மூடி இறுக்கமான எவர்சில்வர் டிரம் ஒன்றும் புது விதை 10 கிலோவும் வாங்கி, வண்டுக்குப் போட நண்பர் தோட்டத்திலிருந்து வேப்பிலையும் நொச்சியும் ஒரு கட்டு சேர்த்துவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு டின்னை வாங்கி வர வேண்டும். உள்ளே இருக்கிற கேழ்வரகையும் சேர்த்து.